தராசில் குறையும் 50 கிராம்

சகோதரரே, திருகோணமலைச் சந்தையில் நீங்கள் மீன் நிறுக்கும் தராசு கிலோவுக்கு 50 கிராம் கூட்டிக் காட்டுகிறது. சபை மூப்பரோ "வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், ஜெபித்தால் போதும்" என்றுவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். மூப்பர் சொல்லையும் வேதத்தோடு ஒத்துப் பார்க்கலாம். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் அப்படித்தான் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11:1. அங்கே சகஜத்துக்கு இடமில்லை. லேவியராகமம் 6:5 இன்னும் கறார்: வஞ்சித்ததை முழுவதும் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான்; அவன் வசதிக்காரன்.

நாளைக் காலை முதல் பாரையை நிறுக்குமுன் தராசைச் சரிசெய்யுங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களிடம் உள்ளதைச் சொல்லி, குறைந்ததைக் கொடுத்துத் தீருங்கள். முகம் தெரியாதவர்களின் பங்கை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம் மட்டும், வசனம் அல்ல.