மையம் எங்கே போனது? காந்தமும் மின்முனைவும்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள் இவை. மூலக்கூறுகள் அடுக்கி உண்டான பளிங்குகளில் காந்தம் எப்படி மின்முனைவைப் (பளிங்கின் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் ஏற்றமாவதை) பிறப்பிக்கிறது என்பதுதான் பொருள்.

உவர்மலை, உயர்தர மாணவி: சேர், காந்தம் ஒரு பாடம், மின்முனைவு வேறொரு பாடம் என்றுதானே படிச்சம். ஒன்று மற்றதை எப்படி உண்டாக்கும்?

தங்கச்சி, காந்தம் ஏற்றங்களைப் பிடித்துத் தள்ளுகிறது என்று நினைக்க வேண்டாம். பளிங்குக்குள் ஒரு புள்ளியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் அதற்கு நேரெதிரிலும் அதே காட்சி தெரிந்தால், அந்தப் புள்ளி சமச்சீர் மையம். மையம் இருக்கும்வரை மின்முனைவு இருக்க ஏலாது, எந்தப் பக்கம் நேர் என்று சொல்ல வழியில்லை. அணுக்களின் அடுக்கில் மையம் இருந்தாலும், இலத்திரன்களின் ஸ்பின் (ஒவ்வொரு இலத்திரனும் சிறு காந்த ஊசிபோல இருக்கும் தன்மை) அடுக்கில் அது இல்லாமற் போகலாம். அப்போது முனைவு வரலாம்.

தெர்பியம் மங்கனைற்றைப் பாருங்கள் (2003இல் அறியப்பட்டது). ஏறக்குறைய 41 கெல்வினில் ஸ்பின்கள் அலைபோல ஒழுங்காகின்றன. மையம் இன்னும் இருக்கிறது, முனைவு இல்லை. 28 கெல்வின் அளவில் அவை வண்டிச் சக்கரம்போலச் சுழன்று அடுக்குகின்றன. மையம் போய்விடுகிறது, முனைவு வருகிறது.

மூதூர்: அது ஒட்சைட்டு. மூலக்கூறுப் பளிங்கிலும் சக்கர அடுக்குத்தானா?

இருக்கலாம், ஆனால் பலம் குறைவு. அந்த வழி ஸ்பினும் இலத்திரனின் சுற்றுப்பாதை இயக்கமும் பிணைவதில் தங்கியிருக்கிறது. காபன், ஐதரசன் போன்ற இலேசான அணுக்களில் அந்தப் பிணைப்பு மெலிந்தது. மூலக்கூறுகளுக்குப் பலமான வழி வேறு: ஸ்பின்கள் சோடி சேரும்போது மூலக்கூறுகளையே அருகே இழுப்பது.

‘ரிரிஎஃப்–புரோமனில்’ என்ற சேதனப் பளிங்கு இதற்கு அருமையான உதாரணம். ரிரிஎஃப் (ரெற்றாதயாஃபுல்வலீன்) இலத்திரனை வழங்கும் மூலக்கூறு, புரோமனில் அதை வாங்கும் மூலக்கூறு. வழங்கி மூலக்கூறு ஒன்று, வாங்கி மூலக்கூறு ஒன்று என மாறிமாறி அடுக்கிய சங்கிலி அது. வழங்கியின் இலத்திரன் பெரும்பாலும் வாங்கிக்குப் போய்விட்டதால், இரண்டிலும் ஒவ்வொரு தனி ஸ்பின் நிற்கிறது.

கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டைகளை நினையுங்கள், நடுவே சம இடைவெளி விட்டுப் பூசியதாக. ஒரு காவிப் பட்டையின் நடுவில் நின்றால் இடமும் வலமும் ஒன்றே, அங்கே மையம் இருக்கிறது. இனி ஒவ்வொரு காவியும் தன் வலப்பக்க வெள்ளையை நோக்கி ஒரு விரற்கடை நகரட்டும். இப்போது மதிலில் எங்கே நின்றாலும் இடமும் வலமும் ஒன்றல்ல. காவி நேரயன், வெள்ளை எதிரயன் என்றால் சோடிகளின் இருமுனைகள் எல்லாம் ஒரே திசையில் கூடுகின்றன. புரோமனிலில் இது நடப்பது 53 கெல்வினில்.

கிண்ணியா, பௌதிகவியல் ஆசிரியர்: இதை ஒத்துக்கொள்ள ஏலாது. 53 கெல்வினுக்குக் கீழே அந்தப் பளிங்கின் காந்த ஏற்புத்திறன் (புலத்துக்கு அது காந்தமாகும் அளவு) பூச்சியத்தை நோக்கி விழுகிறது. காந்தமே இல்லாத நிலை அது. அணுக்கள் நகர்ந்தன, முனைவு வந்தது. காந்தத்துக்கு இதில் என்ன பங்கு?

சேர், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. ஏற்புத்திறன் விழுவது ஸ்பின்கள் தொலைந்ததால் அல்ல, இரண்டிரண்டாக எதிரெதிரே பூட்டிக்கொண்டதால். அப்படிப் பூட்டும்போது கிடைக்கும் சக்தி காந்தச் சக்தி. மூலக்கூறுகளை நகர்த்தப் பளிங்கு கொடுக்கும் மீள்தன்மைச் சக்தியை விட அது கூடினால் சங்கிலி சோடி சேரும். ஸ்பினை எடுத்துவிட்டால் இந்த நகர்வுக்குக் காரணமே இல்லை. வெளியே தெரியும் காந்தமாக்கம் வேறு, உள்ளே வேலை செய்யும் காந்த இடைத்தாக்கம் வேறு.

அதே ஆசிரியர்: அப்படியென்றால் ஸ்பின் சோடி சேரும் எல்லாச் சங்கிலியிலும் முனைவு வர வேண்டுமே?

வராது. செப்பு ஜெர்மனேற்றில் 14 கெல்வினில் இதே சோடி சேர்தல் நடக்கிறது (1993இல் அறியப்பட்டது), முனைவு இல்லை. அங்கே மதில் முழுக்கக் காவி. சோடியின் இரு முனையும் ஒரே செப்பு அயன் என்பதால் சோடியின் நடுவில் நின்றால் மையம் அப்படியே இருக்கிறது. ஆகவே இரண்டும் வேண்டும்: சோடி சேர்க்க ஸ்பின், சோடியின் இரு முனையும் வேறு வேறு மூலக்கூறாக இருத்தல்.

தம்பலகாமம்: காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் மின்சாரம் கிடைக்குமா?

தொடர்ந்து கிடைக்காது. முனைவு மாறும் கணத்தில் மட்டும் சிறு மின்னோட்டம் வரும்.

வளாக மாணவர்: முனைவை அளப்பது என்ன மாதிரி?

வெப்பமின்னோட்ட முறை: முனைவைக் குளிரில் ஒரே திசையில் அடுக்கி, சூடேற்றி அது மறையும்போது வரும் மின்னோட்டத்தை அளப்பது. 1 × 2 மில்லிமீற்றர் பரப்பும் 0.5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பளிங்கு என்று வைப்போம். இரு முகத்திலும் மின்வாய். 70 கெல்வினில் 400 வோல்ற்று கொடுங்கள், அது சென்ரிமீற்றருக்கு 8 கிலோவோல்ற்று. அதோடு 20 கெல்வினுக்கு இறக்குங்கள், நிமிடத்துக்கு 1 கெல்வினுக்கு மேல் வேண்டாம், மூலக்கூறுப் பளிங்கு வெடிக்கும். பிறகு வோல்ற்றளவை எடுத்து, இரு மின்வாயையும் குறுஞ்சுற்றாக்கி அரை மணியாவது விடுங்கள். பின்னர் நிமிடத்துக்கு 5 கெல்வினாகச் சூடேற்றி மின்னோட்டத்தைப் பதியுங்கள். நேரத்தோடு தொகையிட்டுப் பரப்பால் பிரித்தால் முனைவு.

எவ்வளவு சிறியது என்று பாருங்கள். முனைவு சதுர மீற்றருக்கு 100 மைக்ரோகூலோம் என்றால் மொத்த ஏற்றம் 200 பிக்கோகூலோம். மாற்றம் 5 கெல்வின் அகலத்தில் நடந்தால் அதற்கு 60 செக்கன், ஆக சராசரி 3.3 பிக்கோ அம்பியர். வயர் ஆடினாலே இதைவிடக் கூட வரும், அதனால் வயரை முழு நீளத்துக்கும் கட்டிவிடுங்கள். நிலாவெளி உப்பளக் காற்று போன்ற காற்றில் பளிங்குதாங்கியைத் திறந்து வைத்தால் காப்பின்மேல் உப்பீரம் படியும். காப்புத்தடை 10⁹ ஓமுக்கு விழுந்து, எங்காவது 10 மில்லிவோல்ற்று தங்கியிருந்தால் அதுவே 10 பிக்கோ அம்பியர். ரெஃப்லோன் காப்புப் போடுங்கள், அற்ககோலால் துடைத்து உலர்த்தி, வெற்றிடமாக்கிய பிறகே தொடங்குங்கள்.

மின்வாய்க்கு வெள்ளிப் பசையைக் கண்ணை மூடிக்கொண்டு பூச வேண்டாம். அதன் கரைப்பான் சேதனப் பளிங்கின் மேற்பரப்பைக் கரைக்கக்கூடும். காபன் பசையையும் முதலில் ஒரு உடைந்த துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டே நல்ல பளிங்கைத் தொடுங்கள்.

சாம்பல்தீவு: மின்னோட்டத்தில் உச்சம் வந்துவிட்டது சேர், நிச்சயமாக முனைவுதானே?

இல்லை. குறைபாடுகளில் சிக்கிய ஏற்றங்கள் சூடேறும்போது விடுபட்டாலும் உச்சம் வரும். கொடுக்கும் வோல்ற்றளவின் குறியை மாற்றினால் இரண்டுமே திரும்பக்கூடும் என்பதால் அந்தச் சோதனை மட்டும் போதாது. நிமிடத்துக்கு 2 கெல்வின் வேகத்திலும் 5 கெல்வின் வேகத்திலும் அளந்து பாருங்கள். முனைவால் வந்த உச்சம் அதே வெப்பநிலையில் நிற்கும், உயரம் வேகத்தோடு கூடும். சிக்கிய ஏற்றத்தின் உச்சம் வேகம் கூடக் கூட மேல் வெப்பநிலைக்கு நகரும். மின்வாய் எந்தப் பசை என்றும் எழுதுங்கள்.

குச்சவெளி: எங்களிடம் திரவ நைதரசன் மட்டுமே.

77 கெல்வின் போதும், புரோமனிலுக்குப் பதில் குளோரனில் மூலக்கூறு உள்ள ‘ரிரிஎஃப்–குளோரனில்’ பளிங்கை எடுங்கள். மாற்றம் 81 கெல்வினில். ஆனால் அங்கே முதன்மையாக நடப்பது மூலக்கூறுகளுக்கிடையே ஏற்றம் நகர்வது. முனைவின் திசை அயன்கள் நகர்ந்த திசைக்கு எதிராக இருப்பது 2012இல் காட்டப்பட்டது. அதைக் காந்தத்தால் வந்த முனைவு என்று அறிக்கையில் எழுத வேண்டாம்.

உப்புவெளி: முனைவை மாற்றக் குளிர்சாதனப்பெட்டிக் காந்தம் போதுமா?

போதாது. தம்பலகாமத்துக்குச் சொன்ன பதிலையும் பாருங்கள்.

மட்கோ: காந்த வளையல் வலியைக் குறைக்குமா?

இந்தப் பொருளுக்குள் வராது. வைத்தியரிடம் கேளுங்கள்.

கிண்ணியா ஆசிரியர், மறுபடியும்: செப்பு ஜெர்மனேற்று விளக்கம் சரி. ஆனாலும் புரோமனிலில் ஸ்பின்தான் காரணம் என்று எந்தப் பரிசோதனை தீர்மானிக்கும்?

காந்தப்புலம் சேர். பூட்டிய சோடியைப் புலம் பிரிக்கப் பார்க்கும், ஏனெனில் ஸ்பின்கள் புலத்தின் பக்கம் திரும்பினால் சக்தி குறையும். அப்படியென்றால் பலத்த புலத்தில் சோடி சேரும் வெப்பநிலை இறங்கவேண்டும், முனைவும் குறையவேண்டும். வெறும் அணு நகர்வாக இருந்தால் புலம் அதைத் தொட வேண்டிய தேவையில்லை. புரோமனிலின் முனைவு துடிப்புக் காந்தப்புலத்துக்கு (கண நேரம் மட்டும் தரும் மிகப் பலத்த புலத்துக்கு) அசைவது 2010இல் அளக்கப்பட்டிருக்கிறது. இத்தனை பெரிய புலம் கேட்பதற்குக் காரணம், 53 கெல்வினில் பூட்டிய சோடியைக் குலைக்கப் பல பத்து ரெஸ்லா தேவைப்படுவதுதான்.