கைடை மூடிவிட்டுக் கவிதையைத் திறக்கச் சொல்லுங்கள்

உங்கள் மகள் கணக்கில் தொண்ணூறைத் தாண்டுகிறாள், ஆங்கில வகுப்பில் கவிதை நடக்கும்போது மட்டும் வாயே திறப்பதில்லை, டீச்சர் எழுப்பிக் கேட்டால் கைடில் இருப்பதை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சட்டம் படிக்க ஆசைப்படுகிறாளே, இப்படி இருந்தால் எப்படி என்ற கவலை புரிகிறது. ஆனால் அவளுக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டாதீர்கள். கவிதைக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு, அது டீச்சரிடம் இருக்கிறது, தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற பயம்தான் அவள் வாயை அடைக்கிறது. கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகளிடம் இதை நான் நிறையப் பார்க்கிறேன்.

அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ புத்தகத்தில் கமலா தாஸ் எழுதிய 'மை மதர் அட் சிக்ஸ்டி சிக்ஸ்' (அறுபத்தாறு வயதில் என் அம்மா) என்ற கவிதை இருக்கிறது. இன்று இரவே அதிலிருந்து ஆரம்பியுங்கள். முதுமை, பிரிவு என்று கைடு எழுதி வைத்திருப்பதை மூடி வைத்துவிட்டு, சத்தம் போட்டு இரண்டு முறை வாசிக்கட்டும். முழுக் கவிதையும் ஒரே வாக்கியம், நடுவில் எங்கும் முற்றுப்புள்ளி கிடையாது, வாசிக்கும்போது மூச்சு வாங்கும். அவள் கவனிக்க வேண்டிய முதல் விஷயமே அதுதான்.

அப்புறம் தமிழிலேயே கேளுங்கள். யார் பேசுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள்? கொச்சிக்குப் போகும் காரில் பக்கத்தில் அம்மா வாய் திறந்தபடி தூங்குகிறாள், வெளிறிய முகம் பிணத்தின் முகம் போல இருக்கிறது, மகளுக்குத் தாங்கவில்லை, சட்டென்று வெளியே பார்க்கிறாள், அங்கே மரங்கள் ஓடுகின்றன, குழந்தைகள் வீடுகளிலிருந்து துள்ளி வருகிறார்கள். ஏன் திரும்பிக்கொண்டாள்? இதற்கு உங்கள் மகளிடம் நிச்சயம் பதில் இருக்கும். உடம்பு முடியாத பாட்டியைப் பார்க்க முடியாமல் அவளும் என்றைக்காவது முகத்தைத் திருப்பியிருப்பாள். இன்னொன்றும் கேளுங்கள்: தலைப்பில் 'மதர்' என்று இருக்கிறது, விமான நிலையத்தில் விடைபெறும்போது மட்டும் ஏன் 'அம்மா' என்றே கூப்பிடுகிறாள்? மாதவிக்குட்டி என்ற பெயரில் மலையாளத்தில் கதைகள் எழுதியவர் கமலா தாஸ் என்பதையும் சொல்லுங்கள்.

வகுப்பில் பேசுவதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. தனக்குத் தோன்றுவதைச் சொல்லி, அப்படித் தோன்றவைத்த சொல்லைக் காட்டினால் போதும். கடைசியில் 'ஸ்மைல்' என்ற சொல் மூன்று முறை வருகிறது, அதனால் அழுகையை அடக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன் என்றால் அது முழுமையான பதில். பக்கத்து மாணவி, இல்லை, அம்மா பயப்படக்கூடாது என்பதற்காகச் சிரிக்கிறாள் என்று சொன்னால் அதுவும் நிற்கும். அம்மா இறந்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னால் அது நிற்காது, காட்டுவதற்குக் கவிதையில் ஒரு சொல்கூட இல்லை. வகுப்புக்கு முன்னாலேயே, புரியாத ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு ஒரு கேள்வியாக எழுதிக்கொண்டு போகட்டும். வகுப்பில் அதைக் கேட்டாலே முதல் நாளுக்குப் போதும்.

சட்டப் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஆங்கிலப் பகுதியில் சுமார் 450 சொற்கள் கொண்ட பத்திகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன வாதம் வைக்கிறார், இந்தச் சொல் இங்கே எந்தப் பொருளில் வருகிறது, இதிலிருந்து எதை ஊகிக்கலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒப்பித்துப் படித்தவர்கள் திணறுவது இங்கேதான். ஒரு சொல்லைக் காட்டி ஒரு முடிவைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இது புதிதாக இருக்காது. பள்ளியின் ஆங்கிலப் பாடத்திலும் எழுத்துத் தேர்வுக்கான 80 மதிப்பெண்ணில் 40 இலக்கியத்துக்குத்தான்.

தயவுசெய்து இதற்கென்று தனி டியூஷன் இப்போது போடாதீர்கள். இரண்டு வாரம் இரவில் பத்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால் இன்னும் நல்லது, அவள் உங்களுக்குத் தமிழில் விளக்க வேண்டியிருக்கும். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தையும் பென்சிலில் எழுதிய கேள்விகளையும் எடுத்துக்கொண்டு.