கீமோ நேரத்தில் திருக்கார்த்திகை: கேள்வி-பதில்

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காக கீமோ நடக்கிறது. சொக்கப்பனை பார்க்கக் கூட்டிப் போகலாமா? (சேரன்மகாதேவி)

என்ன மருந்து, கடைசி ஊசி என்றைக்கு? இரண்டையும் எழுதவில்லை. எத்தனை தடவைதான் கேட்பது! 3 வாரத்துக்கு ஒரு ஊசி என்றால், பெரும்பாலும் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். திருவிழா அதற்குள் விழுந்தால் கோயில் கூட்டம் வேண்டாம். இல்லையென்றால் என்-95 மாஸ்க் போட்டு, காற்று முதுகில் படுகிற பக்கமாகத் தள்ளி நின்று பார்த்துவிட்டு உடனே திரும்பலாம். துணி மாஸ்க் புகையைத் தடுக்காது. மழையில் நனைந்த பனை ஓலை எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் மருந்து ஏறுகிறவர்களும், நெஞ்சில் ரேடியேஷன் எடுத்தவர்களும் வீட்டிலேயே இருக்கட்டும்.

விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. நானே விளக்கேற்றலாமா? (அம்பாசமுத்திரம்)

எந்த கீமோ மருந்து, பாக்லிடாக்சலா, ஆக்ஸாலிபிளாட்டினா? எதுவானாலும் சூடு தாமதமாகத்தான் தெரியும். தீக்குச்சி விரல்வரை எரிந்த பிறகு உதறுவீர்கள். எண்ணெயும் திரியும் நீங்கள் போடுங்கள், பற்றவைப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சானிடைசர் தடவிய கை நன்றாகக் காயாமல் தீப்பெட்டியைத் தொடாதீர்கள், அது சாராயம்தான். நைலான் சேலையும் சவுரி முடியும் தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பருத்திச் சேலையும் தலையில் பருத்தித் துண்டும் போதும்.

விரதம் இருக்கலாமா? (வள்ளியூர்)

வேண்டாம்.

கொழுக்கட்டை, பொரி, மாவிளக்கு? (களக்காடு)

ஓலைக் கொழுக்கட்டை ஆவி பறக்க இறக்கியதும் சாப்பிடலாம்; குருத்தோலையை முதலில் நன்றாகக் கழுவுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறும், ஒன்றோடு நிறுத்துங்கள். வாய்ப்புண் இருந்தால் பொரி கிழித்துவிடும். மாவிளக்கு மாவு பச்சை மாவு. வெள்ளையணு குறைந்திருக்கும்போது வாயில் போடக்கூடாது.

போன வருஷம் சொக்கப்பனை பார்த்துவிட்டு வந்த ராத்திரி அப்பாவுக்கு 101 காய்ச்சல். அனல் சூடு என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தோம். விடியற்காலை மயங்கிவிட்டார், ஐசியூவில் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். இந்த வருஷம் அப்படி வந்தால் எந்த மாத்திரை நல்லது? (நாங்குநேரி)

எந்த மாத்திரையும் இல்லை. இவ்வளவு பட்ட பிறகும் மாத்திரைப் பெயரா கேட்பது?

அனலில் நின்றால் தோல் சுடும். ராத்திரி 101 ஏறாது. வெள்ளையணு இல்லாத உடம்பில் கிருமி ரத்தத்தில் கலந்தால் சீழ் வைக்காது, வீங்காது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாராசிட்டமால் போட்டு அடக்கிவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது, சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழும். 100.4 காட்டினாலோ, காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலோ அப்போதே கிளம்புங்கள். அக்குளில் வைத்தால் ஒரு டிகிரி வரை குறைத்துத்தான் காட்டும், அதையும் கணக்கில் வையுங்கள். திருவிழா ராத்திரி, டாக்டர் இருக்க மாட்டார் என்ற பேச்செல்லாம் வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களில் அவசரப் பிரிவு ராவும் பகலும் திறந்தே இருக்கும். வாசலிலேயே "கீமோ நோயாளி, இத்தனையாவது நாள்" என்று சொல்லி ஃபைலை நீட்டுங்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறவேண்டும். போகிற வழியில் தெருமுக்கு கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு வம்பு; ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

சொக்கப்பனைக் கரியை ரேடியேஷன் இடத்தில் பூசலாமா? (பாளையங்கோட்டை)

நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். ரேடியேஷன் இடத்தில் கரி, திருநீறு, சந்தனம், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

மகனுக்கு ரத்தப் புற்றுநோய், நெஞ்சில் குழாய் போட்டிருக்கிறது. மாவளி சுற்ற அடம்பிடிக்கிறான். (திசையன்விளை)

சுற்ற வேண்டாம், 30 அடி தள்ளி நின்று பார்க்கட்டும். பொறி பட்டால் கட்டும் குழாயும் ஓட்டையாகும். மட்கிய பழைய ஓலையை இழுத்துப்போடும் வேலையிலும் அவனைச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து பறக்கும் பூஞ்சைத் தூசி நுரையீரலில் இறங்கும்.

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது. அதே அறையில் ஒரு அகல் வைக்கலாமா? (முக்கூடல்)

கூடாது. விளக்கு வாசலில் இருக்கட்டும், நடுவில் 10 அடிக்குக் குறையக்கூடாது. மெஷினை நிறுத்தினாலும் துணியிலும் முடியிலும் ஆக்ஸிஜன் கொஞ்ச நேரம் தங்கும், கற்பூரத் தட்டை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். மூக்கு காய்ந்தால் வாசலின் தடவுவதும் தப்பு. தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்.