'மா' என்ற சொல் இத்தனை மொழிகளில் இருக்கிறதே, எல்லாம் ஒரே வேரா?

இல்லை. ஒரே வேர் என்பதற்குச் சான்று போலத் தோன்றும் இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் சீனத்திலும் 'மா' குதிரையைக் குறிக்கிறது. தெலுங்கில் 'மா' என்றால் 'எங்கள்', பாரசீகத்தில் 'மா' என்றால் 'நாங்கள்'. இரண்டு ஜோடிகளுமே தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. எப்படிச் சோதிப்பது என்று காட்டுகிறேன்.

தெலுங்கு–பாரசீக ஜோடியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் ஒலியும் பொருளும் இரண்டுமே பொருந்துவதால் அதுதான் அதிகம் ஏமாற்றும். தெலுங்கில் பல சொற்களின் முதல் உயிர் இடம்பெயர்ந்தோ மறைந்தோ போயிருக்கிறது. நம் 'இரண்டு' அங்கே 'ரெண்டு', 'உரல்' அங்கே 'ரோலு', 'அவன்' அங்கே 'வாடு', 'இவன்' அங்கே 'வீடு'. இதே போக்கில் 'எம்' என்ற பழைய வேற்றுமை அடிதான் (உருபு சேரும்போது வரும் வடிவம்) தெலுங்கில் 'மா' ஆனது. அதாவது தெலுங்கு 'மா'வுக்கு உறவு நம் 'எம், எமது, யாம்'. பாரசீக 'மா'வைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் வேறு இடத்துக்குப் போகிறோம். கி.மு. 520 வாக்கில் பாரசீக மன்னர் முதலாம் தாரியஸ் ஈரானின் பெகிஸ்தூன் மலையில் வெட்டுவித்த கல்வெட்டில் 'எங்கள் குலம்' என்று வரும் இடத்தில் இருக்கும் சொல் 'அமாகம்'. சமஸ்கிருதத்தில் அதன் உடன்பிறப்பு 'அஸ்மாகம்'. முன்னும் பின்னும் தேய்ந்து நடுவில் மிஞ்சியதே இன்றைய 'மா'. ஒன்று 'எம்', இன்னொன்று 'அமாகம்'. காலத்தில் பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவுச் சொற்கள் பின்னால் போகப் போக நெருங்கும். முதல் சோதனை இதுதான்: இன்றைய வடிவத்தை ஒப்பிடாதீர்கள், கிடைப்பதிலேயே பழைய வடிவத்தை ஒப்பிடுங்கள்.

குதிரைக்கும் இதே சோதனை. பழஞ்சீனத்தில் குதிரைக்கான சொல்லில் மகரத்துக்குப் பின் ஒரு ரகரம் இருந்தது என்பது அதன் பழைய ஒலிப்பைச் சான்றுகளிலிருந்து மீட்டுருவாக்கம் செய்தவர்களின் முடிவு. பர்மிய மொழி இன்றும் குதிரையை எழுதும்போது மகரத்தோடு ரகரத்தைச் சேர்த்தே எழுதுகிறது. தமிழ் 'மா'வில் அந்த ரகரத்தின் சுவடே இல்லை. பொருளும் சரியாகப் பொருந்தவில்லை. தமிழில் 'மா' பொதுவாக விலங்கு. தொல்காப்பியம் 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்கிறது; அரிமா சிங்கம், கைம்மா யானை. போர்க்களம், தேர் என்று இடம் வரும்போது அந்தப் பொதுப்பெயர் குதிரையைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். சீனச் சொல்லோ எப்போதும் குதிரை மட்டுமே.

ஏன் 'மா' விஷயத்தில் இவ்வளவு தற்செயல்? மகரமும் அகர ஆகாரமும் ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. 15 மெய்யும் 5 உயிரும் கொண்ட ஒரு மொழியில் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசைகள் 75தான். அடிக்கடி பயன்படும் சொற்கள் தேய்ந்து தேய்ந்து இந்த 75க்குள்தான் வந்து விழுகின்றன. ஆகவே இத்தாலிய மொழியில் 'ஆனால்', ஹங்கேரிய மொழியில் 'இன்று', எஸ்தோனிய மொழியில் 'நான்', போலந்து மொழியில் 'வைத்திருக்கிறான்', ஐரிஷ் மொழியில் 'என்றால்' என்று எல்லாரும் 'மா' சொல்வதில் வியப்பில்லை. ஹங்கேரியனும் எஸ்தோனியனும் ஒரே குடும்பத்து மொழிகள். அப்படி இருந்தும் அவற்றின் 'மா' இரண்டுக்கும் தொடர்பில்லை. ஓரசைச் சொல் எதற்கும் தனியாகச் சாட்சி சொல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனை முறையான ஒலி ஒப்பீடு. இதற்கு மிக நேர்த்தியான எடுத்துக்காட்டு சமஸ்கிருதமும் கிரேக்கமும். சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் 'வேண்டாம், செய்யாதே'. 'மாதா' என்பதில் வரும் 'மா' தாய். கேட்க இரண்டும் ஒரே ஒலி. ஏதென்ஸ் நகரக் கிரேக்கத்திலும் 'செய்யாதே' என்பது 'மே', தாய் 'மேதேர்'; அங்கும் ஒரே உயிர்தான். ஆனால் இன்னொரு வட்டார வழக்கான டோரியக் கிரேக்கத்தில் தாய் 'மாதேர்', 'செய்யாதே' மட்டும் 'மே'யாகவே நிற்கிறது. லத்தீனிலும் தாய் 'மாத்தேர்'. ஆக இம்மூன்றுக்கும் பொதுவான மூல மொழியில் இந்த இரண்டு உயிர்களும் வேறு வேறாக இருந்து, சமஸ்கிருதத்தில் ஒன்றாகிவிட்டன. சமஸ்கிருத 'மா'வும் கிரேக்க 'மே'யும் உண்மையான உறவு. சமஸ்கிருதத்துக்குள்ளேயே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு 'மா'க்களும் உறவல்ல. டோரியம் போன்ற வட்டார வழக்குகள் காப்பாற்றி வைத்த வேறுபாட்டிலிருந்து இது தெரிய வருகிறது. மொழி வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் சான்றுகளில் இது ஒன்று.

மறுப்புப் பொருளில் 'மா' வருவதை வைத்துத்தான் பலர் 'உலக மூலச்சொல்' என்று எழுதுகிறார்கள். சமஸ்கிருதத்தில், அரபியில், துருக்கியில், பர்மியத்தில், திபெத்தியத்தில் எல்லாம் மறுப்புக்கு இதே ஒலி வருவது உண்மைதான். ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பர்மியமும் திபெத்தியமும் ஒரு குடும்பம், அவற்றுக்குள் உறவு உண்டு. அரபியில் 'மா' என்பதற்கு 'என்ன', 'இல்லை' என்று இரண்டு பொருள், 'என்ன செய்தான்?' என்ற கேள்வியே 'செய்யவில்லை' என்ற மறுப்பாக மாறியது என்பது பரவலான விளக்கம். நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வில் உள்ள 'மா' மறுப்பு இல்லை, 'அல்லாஹ் நாடியது எதுவோ அது' என்ற பொருள் தருவது. துருக்கியில் அது சொல்லே அல்ல, வினையோடு ஒட்டும் விகுதி. முன்னுள்ள உயிரைப் பொறுத்து 'மெ' என்றும் மாறும். அதோடு அங்கே உருவத்தில் ஒத்த இன்னொரு விகுதியும் இருக்கிறது. 'யஸ்மா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'எழுதாதே', இரண்டாவதை அழுத்தினால் 'எழுதுதல், கையெழுத்துப் பிரதி'. 'தோல்மா' என்ற உணவுப்பெயரில் இருப்பது இரண்டாவது வகை: 'நிரப்பியது'.

பட்டியல் போடுபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த அழுத்தம், தொனி, அளவு போன்றவற்றைத்தான். தாய்லாந்து மொழியில் சமதொனியில் 'மா' என்றால் வா, உயர்தொனியில் குதிரை, ஏறுதொனியில் நாய். அவர்களுக்கு இவை மூன்று வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் எழுதியதும் ஒன்றாகத் தெரிகின்றன. அரபியில் தண்ணீரும் 'மா'தான் என்று எழுதுகிறார்கள், ஆனால் அதன் இறுதியில் தொண்டையில் அடைபடும் ஒரு மெய் உண்டு. எழுத்துப்பெயர்ப்பை நம்பி ஒப்பிட்டால் இல்லாத ஒற்றுமை உருவாகிவிடும்.

இதன் மறுபக்கம், உண்மையான உறவுகள் பெரும்பாலும் ஒத்த உருவில் இருப்பதில்லை. இத்தாலிய 'மா' (ஆனால்) லத்தீன் 'மாகிஸ்' என்பதிலிருந்து வந்தது. பொருள் 'இன்னும் அதிகமாக'. பிரெஞ்சு 'மே', ஸ்பானிய 'மாஸ்' எல்லாம் அதே வழி. அந்த லத்தீன் சொல்லின் வேரும் சமஸ்கிருத 'மஹா'வின் வேரும் ஒன்று. ஆக நாம் 'மகாகவி' என்று சொல்லும்போது வரும் 'மகா'வும் இத்தாலியரின் 'ஆனால்' என்பதும் தூரத்துச் சொந்தம்.

கடன் வாங்கிய பாதை இதைவிட அழகு. வியட்நாமிய மொழியில் 'மா' என்றால் பேய். அது சீன எழுத்து ஒன்றின் வியட்நாமிய ஒலிப்பு. ஜப்பானியர் சாத்தானை 'அகுமா' என்பதிலும் கடைசி அசை அதே எழுத்துதான். சீனத்தில் அந்தச் சொல் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தபோது உருவானது. மூலம், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த 'மாரன்'. ஆனால் ஜப்பானியரின் இன்னொரு 'மா', அதாவது இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அவர்களுடைய சொந்தச் சொல். இதற்கும் மாரனுக்கும் தொடர்பில்லை.

தாயைக் குறிக்கும் 'மா', 'அம்மா', 'மாமா' வகைச் சொற்களை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். குழந்தையின் வாயில் முதலில் எளிதாக வரும் ஒலிகளுக்குப் பெரியவர்கள் பொருள் கொடுப்பதால், தொடர்பில்லாத மொழிகளிலும் இவை தானாகவே தோன்றும். மொழியியலாளர் ரோமன் யாகொப்சன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். எந்த ஒலி யாருக்கு என்பதும் நிலையில்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அவ்வளவு தூரம் போக வேண்டாம், துளுவில் 'அப்பெ' தாய், 'அம்மெ' தந்தை.

கடைசியாக நம் வீட்டு 'மா'. தமிழுக்குள்ளேயே இது பல சொற்கள். புணர்ச்சியே அவற்றைப் பிரித்துக் காட்டும். மரத்தைக் குறிக்கும் 'மா'வுக்குப் பின் இன மெல்லெழுத்து தோன்றும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். அரைத்த மாவுக்குப் பின் வல்லெழுத்து இரட்டிக்கும்: மாக்கோலம். பெருமையைக் குறிப்பது பெரும்பாலும் மாறாமல் நிற்கும்: மாபெரும். (இந்தப் பெருமை 'மா' தமிழா, 'மஹா'வின் சுருக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.) எண்ணாகிய 'மா' 1/20. 'மாகாணி' என்பது மாவும் காணியும் சேர்ந்தது: 1/20 + 1/80 = 1/16. தஞ்சைப் பக்கம் நிலத்தை 'மா' கணக்கில் சொல்வதும் இதே எண்தான். ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா, 100 குழி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 33 சென்ட். வேறு வேறாகத் தோன்றும் இரண்டு பொருள்கள் ஒரே சொல்லாக இருப்பதற்கு இது சான்று.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் 'மா'வைத் தேடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தனித்தனி எண்ணிட்ட பதிவுகள் தனித்தனிச் சொற்கள் என்று அகராதி கருதுகிறது, வடமொழியிலிருந்து வந்தவற்றுக்கு மூலவடிவம் கொடுத்திருக்கும். பிறகு அதே தளத்தில் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதிக்குப் போய், அந்தப் பொருளுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு வடிவங்கள் என்ன என்று பாருங்கள். 1984 இரண்டாம் பதிப்பையே பயன்படுத்துங்கள், 1961 பதிப்பின் பதிவு எண்கள் அதில் மாறியிருக்கின்றன.