‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நர்ஸால் இனி என்ன செய்ய முடியும்?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரவிவிட்டது, இனி கீமோ தாங்காது என்று கடலூர் முதுநகரில் இருக்கும் உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். எண்பதை நெருங்கும் அப்பாவும் உடன் இருக்கிறார். பகலிலும் இரவிலும் நீங்கள் ஒருத்திதான். ‘நர்ஸ் வந்து இனி என்ன செய்யப் போகிறார்?’ என்று கேட்கிறீர்கள்.

நான் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் வீடுகளுக்கே சென்று இத்தகைய நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதில். கட்டியைக் கரைக்கும் வைத்தியம் முடிந்திருக்கலாம். வலிக்கு, வாந்திக்கு, மூச்சுத்திணறலுக்கு, புண்ணுக்கு, வாடைக்கு, பயத்துக்கு வைத்தியம் முடியவில்லை. அதில் பெரும்பகுதி கைவேலை. பொறுமையாகக் காட்டிக்கொடுத்தால் நீங்களே செய்யக்கூடியது.

முதலில் வலி. அது அடங்காமல் வேறெதுவும் நடக்காது. குளிக்க மாட்டார், திரும்பிப் படுக்க மாட்டார், பேச மாட்டார். கடுமையான புற்றுநோய் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். ஊசி வேண்டியதில்லை, வாயால் விழுங்கும் மாத்திரை போதும். சாதாரண மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம்தான் நிற்கும். ஆகவே வலி வந்தபின் கொடுப்பது என்ற பேச்சே கூடாது; கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுஇரவில் எழுப்பாமல் இருக்க, படுக்கப் போகும்போது இரட்டை அளவு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். இடையில் வலி தலைதூக்கினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், அளவு, வலி மூன்றையும் குறித்து வாருங்கள். வலியை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். ‘ஒரு ரூபாய் வலியில் இப்போது எத்தனை பைசா இருக்கிறது?’ என்று நான் கேட்பேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூடத் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்கள்.

‘அது போதை மருந்து, பழகிவிடும், உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும்’ என்று உறவினர் யாராவது சொல்வார்கள். வலிக்காக, சரியான அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும்போது அப்படி நடப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும்; பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் நோயில் இன்னொரு கவனம் தேவை. கட்டி சிறுநீர்ப் பாதையை நெருக்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படும், அப்போது மார்ஃபின் உடலில் தேங்கும். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாத அளவுக்கு மயக்கம் வந்தாலோ, மூச்சு மிக மெதுவானாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

இந்த மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கட்டுப்பாடுகளால் பல ஆண்டுகள் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. இப்போதும் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களில்தான் இருப்பு வைத்திருப்பார்கள். அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த புற்றுநோய்ப் பிரிவில் முதலில் கேளுங்கள். மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். பழைய சிகிச்சைச் சீட்டுகளுடன் நீங்கள் மட்டும் போய் முதலில் விசாரித்து வரலாம், அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

நம் கடற்கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் மருந்து தீரும் நாள்வரை காத்திருக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் இங்கே மின்சாரம் எத்தனை நாள் இல்லாமல் கிடந்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, தென்பெண்ணை வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. படுக்கைப் புண்ணுக்காக வாங்கும் காற்று மெத்தையின் பம்பு கரண்ட் போனால் நின்றுவிடும். ஆக்சிஜன் செறிவூட்டியும் அப்படித்தான். புயல் எச்சரிக்கை வந்ததும் மாத்திரை, டயபர், பஞ்சு, டார்ச் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உயரத்தில் வைத்துவிடுங்கள்.

மெத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முழுதாகப் புரட்ட வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துச் சற்றுச் சாய்த்தாலே இடுப்பு எலும்பின் மேல் பாரம் விழாது. குதிகாலைத் தொங்கவிடுவது போலக் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். தோல் சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்துவது நம் வீடுகளில் பழக்கம்; அது கெடுதல். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம்.

வாடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம். இந்த நோயில் வெள்ளை ஒழுக்கும் துர்நாற்றமும் வருவது சாதாரணம். அதனாலேயே பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வரவேண்டாம் என்று சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாடை காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளால் வருவது. மெட்ரோனிடசோல் என்ற மலிவான மருந்து அதைப் பெருமளவு கட்டுப்படுத்தும். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஊதுவத்தியும் சாம்பிராணியும் அதை மறைக்காது, மூச்சைத்தான் அடைக்கும். மூச்சு முட்டினால் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்து, முகத்துக்கு நேரே மேசை விசிறியை ஓட விடுங்கள். முகத்தில் படும் காற்றே திணறல் உணர்வைக் குறைக்கும்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் வீடுகள் உடைகின்றன. ‘ஒரு வாய் சாப்பிடும்மா’ என்று ஆரம்பித்து அழுகையில் முடியும். நோய் முற்றும்போது பசி போவது நோயின் போக்கு. சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை. உடல் ஓய்ந்து வருவதால் சாப்பாட்டை அது கேட்பதில்லை. அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சியைப் புகட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியலாம். கேட்டால் இரண்டு கரண்டி இளநீரோ, மோரோ, அவருக்குப் பிடித்த மீன் குழம்பின் சாறோ கொடுங்கள். பத்தியம் பார்க்க வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது. பார்க்க வருபவர்கள், ‘குளுக்கோஸ் ஏற்றக்கூடாதா?’ என்று கேட்பார்கள். கடைசி நாட்களில் ஏற்றும் நீர் பலருக்குக் கை கால் வீக்கமாகவும் தொண்டையில் கோழையாகவும்தான் சேருகிறது. அதைவிட வாயை ஈரமாக வைத்திருப்பது உண்மையான உதவி. மெல்லிய ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் துடையுங்கள். உதட்டில் வாசலின் தடவுங்கள். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை; அதற்கு மருந்து இருக்கிறது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்பது நீங்கள் கேட்காத, எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி. பெரும்பாலான அம்மாக்களுக்குத் தெரியும். தெரியும் என்று பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாமல் தனியாகச் சுமப்பார்கள். லண்டனில் 1967இல், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் மருத்துவராகும் முன் நர்ஸாக இருந்தவர். உடல், மனம், குடும்பக் கவலை, ஆன்மிகக் கலக்கம் எல்லாம் சேர்ந்ததே ஒருவரின் முழு வலி என்று அவர் கற்பித்தார். இரவில் மட்டும் வலி கூடுகிறது என்றால் மாத்திரையோடு கூட, ‘என்னம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். அவராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவர் கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். எங்கே இருக்க விரும்புகிறார், வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அவர் தெளிவாகப் பேசும் நாட்களிலேயே கேட்டுவிடுங்கள். இந்த விருப்பங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

இப்போது உங்களைப் பற்றி. வீட்டுக்குள் நுழையும் நர்ஸ் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவரையும், பக்கத்தில் நிற்பவரையும். நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று நான் முதல் வருகையிலேயே கேட்பேன். அம்மாவைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். ஒரு பழைய புடவையை நான்காக மடித்து அடியில் விரித்து, இரண்டு பேராக இழுத்து நகர்த்துங்கள். அண்ணனோ தம்பியோ இருந்தால் பணம் அனுப்புவதோடு நிற்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்; வாரத்தில் சில இரவுகள் அவர்களுடையதாக இருக்கட்டும். கோபமும், ‘இது எப்போது முடியும்’ என்ற நினைப்பும் உங்களுக்கு வரலாம். அது வந்ததால் நீங்கள் கெட்ட மகள் ஆகிவிட மாட்டீர்கள். களைத்துப்போன எல்லா மகள்களுக்கும் வருகிற நினைப்பு அது.

அப்பாவை மறக்காதீர்கள். அம்மாவின் படுக்கையைச் சுற்றி வீடு ஓடும்போது அவருடைய சர்க்கரை மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் தவறும். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். இந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பு முறிந்தால் வீட்டில் இரண்டு படுக்கை ஆகிவிடும். அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். மாத்திரை நேரத்தை நோட்டில் குறிக்கும் வேலையை அப்பாக்கள் நன்றாகச் செய்வார்கள், அதில் அவருக்கும் ஆறுதல். திடீரென்று அவர் பிதற்றினாலோ ஆளை மாற்றிச் சொன்னாலோ வயதுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலம் கட்டிக்கொள்வது, நீர் வற்றுவது ஆகியவற்றால்கூட முதியவர்களுக்கு அப்படி ஆகும்.

உதவிக்கு, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க ஏற்பாடு உண்டு. அது தமிழ்நாட்டு அரசின் திட்டம். எல்லை தாண்டி பாகூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் அம்மாவை வைப்பதாக இருந்தால் புதுச்சேரி சுகாதார நிலையத்தில் தனியாகக் கேட்க வேண்டும். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி மணி நேரங்களில் கை கால் குளிரும், தோலில் நீலத் திட்டுகள் வரும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நமக்குக் கொடுமை. பெரும்பாலும் அவர் அதை உணரும் நிலையில் இருப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அது குறையும். ஆம்புலன்ஸுக்கு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அதுவரை கேட்கக்கூடும். வீட்டில் இறப்பு நேர்ந்தால் யார் சான்று தருவார் என்பதை, அம்மாவைப் பார்த்து வரும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பதிவு 21 நாட்களுக்குள் செய்ய வேண்டும். மிஞ்சிய மார்ஃபினைக் குப்பையில் போடாமல், எண்ணிக் கொடுத்த இடத்திலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.