பாடன்-வூர்ட்டம்பெர்க் ஓபர்லீகா மூன்றாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு இறங்கியது ஏன்?

ஜெர்மனியின் இந்தக் கால்பந்து லீகின் தரம் சரிந்ததே காரணம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் லீக் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்கு மேலேதான் புதிய தளங்கள் எழும்பின.

1978-இல், ஜெர்மனியின் தென்மேற்கு மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் அதுவரை தனித்தனியே நடந்துவந்த அமெச்சூர் லீகுகளுக்கு மேலாக, மாநிலம் முழுவதற்குமான ஒரே லீகாக ஓபர்லீகா தொடங்கப்பட்டபோது, நாட்டின் முதல் இரண்டு நிலைகளான புண்டஸ்லீகாவுக்கும் இரண்டாம் புண்டஸ்லீகாவுக்கும் அடுத்த மூன்றாம் நிலையில் அது இருந்தது. 1994-இல் இடையில் ரெகியோனல்லீகா என்ற வட்டார லீக் புகுத்தப்பட்டதால் நான்காம் நிலைக்கும், 2008-இல் நாடு தழுவிய மூன்றாம் லீகா உருவானதால் ஐந்தாம் நிலைக்கும் தள்ளப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த மாநிலத்தின் வடபகுதி அமெரிக்கரிடமும் தென்பகுதி பிரெஞ்சுக்காரரிடமும் இருந்து, 1952-இல்தான் ஒரே மாநிலமானது. ஆயினும் கால்பந்து நிர்வாகம் இன்றுவரை பாடன், தென் பாடன், வூர்ட்டம்பெர்க் என மூன்று சங்கங்களாகவே நீடிக்கிறது. (மாநிலம் இணைந்தாலும் சங்கங்கள் இணைவதில்லை போலும்!) மூன்று சங்கங்களும் நடத்தும் ஃபெர்பான்ட்ஸ்லீகா (சங்க லீக்) சாம்பியன்களும் இந்த ஓபர்லீகாவுக்கே உயர்கின்றனர்.

இந்த லீகின் வழியே மேலே சென்ற அணிகளுள் ஹாஃபன்ஹைம் தனிக்கதை. ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஊரின் அந்த அணி, எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான டீட்மர் ஹாப்பின் பணபலத்துடன் 2001-இல் இங்கே பட்டம் வென்று, ஏழே ஆண்டுகளில் புண்டஸ்லீகாவை எட்டியது. 2012 முதல் ஓபர்லீகாவின் சாம்பியன் தென்மேற்கு ரெகியோனல்லீகாவுக்கு நேரடியாக உயர்கிறது.