பாங்குக்கு முந்தின குர்ர் சத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா (எங்க ஊர்ல அண்ணன்),

ரெண்டு வருஷமா தூக்கம் சரியில்ல. 12 மணிக்கு படுத்தா 3 மணி வரைக்கும் புரண்டுகிட்டே கெடக்கேன். கண்ணு சொருகுற நேரத்துல சுபுஹு பாங்கு, விடியக்கால தொழுகைக்கு கூப்பிடுற சத்தம். சில நாள் பாங்கு வரைக்கும் முழிச்சே இருந்து தொழுதுட்டு படுத்தா 10 மணி ஆயிடுது, கடை தொறக்க லேட்டு. சில நாள் அசந்துட்டு 9 மணிக்கு களாவா (நேரம் தவறி) தொழுறேன், அன்னைக்கு முழுக்க மனசு குறுகுறுங்குது. தூக்கம் வரலன்னா ராத்திரி பூரா தஹஜ்ஜத் (ராத்திரியில தொழுற உபரித் தொழுகை) தொழுங்கிறார் ஒருத்தர். நீங்க என்னடான்னா தூக்கமும் கெடையாது, ஆனா சுபுஹுதான் நாள்லயே நல்ல நேரம்னு எழுதுறீங்க. எனக்கு பாங்கு சத்தமே பயமா இருக்கு காக்கா.

காயல்பட்டினத்துலேர்ந்து ஒரு தம்பி

வஅலைக்கும் ஸலாம் தம்பி,

அந்த பயம் எனக்கும் அஞ்சாறு வருஷம் இருந்துச்சு. வளைகுடாவுல நைட் ஷிப்ட் பாத்துட்டு திரும்புனப்ப உடம்பு ஊருக்கு வந்துடுச்சு, தூக்கம் அங்கயே நின்னுடுச்சு. சென்னை மண்ணடியில எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா பள்ளிவாசல் ஸ்பீக்கர். நல்லா தூங்குறவனுக்கு பாங்குலதான் சுபுஹு ஆரம்பிக்கும், நமக்கு அதுக்கு முந்தியே ஆரம்பிச்சிடும்ல, மோதினார் (பாங்கு சொல்றவர்) மைக்க போட்டதும் ஒரு குர்ர், விரலால ரெண்டு தட்டு, ஒரு செருமல். அந்த குர்ர் கேட்டாலே வயித்துல ஒரு உருண்டை உருளும், போச்சு இன்னைக்கும் தூங்கலன்னு. 'தூக்கத்தைவிட தொழுகை மேலானது'ன்னு அவர் ரெண்டு தடவ சொல்லும்போது எரிச்சலா வரும், தூக்கமே இல்லாதவன்கிட்ட இத ஏன்யா சொல்றேன்னு. அல்லாஹ் மன்னிக்கணும்.

தொழுதுட்டு 10 மணி வரைக்கும் தூங்குற வேலைய நானும் செஞ்சேன். டாக்டர்தான் புடிச்சார். தூக்கம் எப்ப வரும்ங்கிறது உங்க கையில இல்ல, எந்திரிக்கிறது உங்க கையில இருக்கு, காலையில தூங்கி ஈடுகட்டுனா ராத்திரி தூக்கம் சேராது, அதனால விடிய விடிய முழிச்சிருந்தாலும் எந்திரிக்கிற நேரம் மாறக்கூடாதுன்னார். எத்தன மணின்னு வச்சுக்கலாம்னு கேட்டார். யோசிக்கவே இல்ல, சுபுஹுன்னேன். சென்னையில ஜூன்ல 4.20 வாக்குல வரும், ஜனவரியில 5.20 ஆயிடும், ஆனா ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் அரை நிமிஷம்னு நகர்றதால உடம்புக்கு தெரியவே தெரியாது. அதுக்கு ஏத்த மாதிரி ராத்திரி படுக்கிறதும் முன்னாடி வந்துச்சு, இஷாவுக்கு (ராத்திரி தொழுகைக்கு) அப்புறம் வெட்டிப்பேச்சு வேணாம்னு ஹதீஸ்ல (நபிமொழியில) இருக்கிறது சும்மா இல்ல. கடிகாரத்த செவுத்து பக்கம் திருப்பி வச்சேன். 20 நிமிஷம் மாதிரி தெரிஞ்சும் தூக்கம் வரலையா, பாய விட்டு எந்திரிச்சு மங்கல் வெளிச்சத்துல உக்காந்துடுவேன், கொட்டாவி வந்தாதான் திரும்ப படுக்கிறது. மொத மூணு வாரம் நாய்ப்பாடு, பொய் சொல்லல.

நல்ல நேரம்னு எழுதுனதுக்கு காரணம் வேற. ராத்திரி பூரா தூங்குங்கிற ஒரே வேலைய செஞ்சு செஞ்சு தோத்துகிட்டு கெடக்குறவனுக்கு, அஞ்சு மணிக்கு செஞ்சு முடிக்கக்கூடிய ஒரு வேல கெடைக்குது தம்பி. சுன்னத்து (நபிவழி) ரெண்டு, பர்ளு (கட்டாயம்) ரெண்டு, ஸலாம் குடுத்தா முடிஞ்சது. தூங்குனவனுக்கும் அதே நாலு ரக்அத்துதான் (தொழுகைச் சுற்று), தூங்காதவனுக்கும் அதேதான். பள்ளிவாசல் தண்ணித்தொட்டி ஹவுள்ல கைய விட்டதும் முழங்கை வரைக்கும் ஜில்லுன்னு ஏறும். மொத ஸஃப்புல (வரிசையில) ஏழெட்டு பேரு, எல்லாருக்கும் கண்ணு வீங்கி மூஞ்சி உப்பியிருக்கும், ஒருத்தரும் ஏன்ப்பா டல்லா இருக்கேன்னு கேக்கமாட்டாங்க. நாள் முழுக்க அந்த ஒரு எடத்துலதான் என் மூஞ்சியும் மத்தவங்க மூஞ்சியும் ஒண்ணு.

களா ஆயிடுச்சுன்னு குமையாதீங்க. கைபர் போர்லேர்ந்து திரும்புற வழியில ரசூலுல்லாஹ்வும் (நபிகள் நாயகமும்) தோழர்களும் அசந்து படுத்தப்ப காவலுக்கு இருந்தது பிலால், பாங்கு சொல்ற பிலாலேதான், ஒட்டகத்துல சாஞ்சவர் அப்படியே தூங்கிட்டார், வெயில் பட்டுத்தான் எல்லாரும் முழிச்சாங்க, எந்திரிச்சு தொழுதாங்க. தினமும் இத சாக்கா சொல்லலாம்ங்கல, ஆனா அசந்து போனதுக்கும் அலட்சியத்துக்கும் வித்தியாசம் இருக்கு.

தஹஜ்ஜத் சொன்னவருக்கு ஒரு ஹதீஸ் சொல்லுங்க: தொழுகையில கண்ணு சொக்குனா போய் படுத்துடணும், இல்லாட்டி பாவமன்னிப்பு கேக்குறதா நெனச்சுகிட்டு தன்னையே திட்டிக்குவான்னு புகாரி ஹதீஸ் தொகுப்புல இருக்கு. தஹஜ்ஜத்தோட சிறப்பே வேற, அத தூக்க மாத்திரையாக்க வேணாம். நெஜ மாத்திரை எதாவது சாப்பிட்டுகிட்டு இருந்தா டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க. ரெண்டு வருஷம்ங்கிறது கம்மி இல்ல, இதுவரைக்கும் காட்டலன்னா இந்த வாரமே போய் காட்டுங்க, சும்மா தூக்கம்தானேன்னு விட்டுத்தான் நான் அஞ்சாறு வருஷம் தொலைச்சேன்.

கடையில லுஹருக்கு (மத்தியான தொழுகைக்கு) அப்புறம் ஷட்டர பாதி எறக்கிட்டு அலாரம் வச்சு 20 நிமிஷம் சாஞ்சுக்கோங்க, கைலூலா (மத்தியான குட்டித்தூக்கம்) சுன்னத்துதான். அதுக்கு மேல வேணாம், ராத்திரி தூக்கத்துல கை வச்சுடும்.

இன்னமும் வாரத்துல ரெண்டு நாள் எனக்கு தூக்கம் கெடையாது, நேத்தும் ரெண்டு மணி நேரம்தான். இத டைப் பண்றது தொழுதுட்டு வந்து பள்ளிக்கு எதுத்த டீக்கடையில. டாக்டர் டீ வேணாம்னது மத்தியானத்துக்கு மேலதான்.